பழைய பேண்ட் சா வாங்கிப் புதுப்பிப்பது வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா?

சக்கரம் நன்றாக இருந்தால் கட்டுப்படியாகும். பேண்ட் சா என்பது மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். மூடப்போகும் பட்டறையிலிருந்து 18 அங்குலச் சக்கரம் கொண்ட மெஷின் ஒன்று உங்களுக்கு விலைக்கு வருகிறது. துருவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதாகச் சிறிய மெஷின் ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துருவுக்குப் பயப்படாதீர்கள். வார்ப்பிரும்பில் மேலே படிந்த துரு பெரும்பாலும் மேலோடு போய்விடும். பழைய மெஷினில் நீங்கள் காசு கொடுப்பது இரண்டு சக்கரங்களுக்கும் அவற்றைத் தாங்கும் வார்ப்புச் சட்டத்துக்கும்தான். மோட்டார், பெல்ட், பேரிங், டயர், பிளேடு எல்லாமே கடையில் கிடைப்பவை. சக்கரமும் சட்டமும் கிடைக்காது.

எனக்குச் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது. கேரளத்திலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மரத்தை வைத்து அறுவை மில்கள் இன்றும் நடக்கின்றன. 1996இல் காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து மில் உரிமம் எளிதான சங்கதி இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்களும் உண்டு. அதனால் அவ்வப்போது ஒரு மெஷின் பழைய இரும்புக் கடை வாசலில் வந்து நிற்கும். தடி அறுக்கும் 36, 42 அங்குல மெஷின்கள் வீட்டுக்கு ஆகாதவை; அவற்றுக்குத் தனி அஸ்திவாரமே போட வேண்டும். 18 முதல் 24 அங்குலம் வரை உள்ள, ஆசாரிப் பட்டறைகளில் நாற்காலிக் கால் வளைத்து அறுத்த மெஷின்கள்தான் நமக்கு. பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தவை இந்தியா முழுக்கக் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் லெஸ்டர் நகரத்து வாட்கின் போன்ற இங்கிலாந்துக் கம்பெனி மெஷினும் மாட்டலாம். அதற்காகப் பெயர்த் தகட்டைப் பார்த்து விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி சக்கரம். மேல் சக்கரத்தைக் கழற்றி ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, ஆரக்கால் ஒவ்வொன்றின் அடியிலும் மரச்சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கோயில் மணி போல ஒலித்து ஓசை சற்று நேரம் நிற்கும். விரிசல் இருந்தால் சட்டென்று அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து எண்ணெய் ஊறி ஒரு கோடாகத் தெரியும். ஆரக்காலில் விரிசல் விட்ட சக்கரத்தை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் சுழலும் வார்ப்பு உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது. விற்பவர் கழற்றிப் பார்க்கவே விடமாட்டேன் என்றால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது பேரிங். கொஞ்சம் பிந்திய மெஷின் என்றால் பால் பேரிங் இருக்கும்; எண்ணைப் படித்து அதே எண்ணில் புதிது வாங்கிப் போட வேண்டியதுதான், பழையதைச் சுத்தம் பண்ணி மிச்சம் பிடிக்காதீர்கள். மிகப் பழையது என்றால் ஈயம் போலத் தெரியும் வெள்ளை உலோகத்தில் ஷாப்ட் ஓடும். ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கிய கலவையின் வம்சம் அது. அதைப் பார்த்துவிட்டு ஓட வேண்டாம். தேய்ந்திருந்தாலும் மேல் மூடியின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டுச் சுரண்டிப் பொருத்தினால் பல வருடம் வரும். எண்ணெய் மட்டும் தினமும் விட வேண்டும். அந்த ஒழுக்கம் இல்லாதவர்கள் பால் பேரிங் மெஷினே பார்த்துக்கொள்ளுங்கள்.

துருவும் பெயின்டும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் நிறையப் பேசுகிறார்கள். மேசைக்கு மண்ணெண்ணெயும் பழைய ரேசர் பிளேடும் எமரித் தாளும் போதும். சிறிய உதிரிகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா கரைத்த நீரில் போட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை உதிரியிலும் பாசிட்டிவ் முனையைத் துண்டுக் கம்பியிலும் மாட்டினால் ஓர் இரவில் துரு கறுப்புப் பொடியாக உதிரும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், பீடி சிகரெட் கூடாது. பாசிட்டிவில் எவர்சில்வர் கரண்டி மாட்டாதீர்கள், நஞ்சான குரோமியம் நீரில் இறங்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டை உலர்ந்தபடி தேய்த்துப் பறக்கவிடாமல், நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எந்தக் கலர் அடிப்பது என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடிச் சாரல் அடிக்கும்போது பளபளவென்று தேய்த்த மேசை மறுநாள் காலையில் செம்பட்டை பூத்து நிற்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம். டர்பன்டைனில் கரைத்த தேன்மெழுகைத் தேய்த்துத் துடைத்துவிட்டால் துருவும் பிடிக்காது, மரமும் வழுக்கிக்கொண்டு போகும்.

டயரில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ரப்பர் பட்டை நடுவில் லேசாக மேடாக இருக்க வேண்டும். பிளேடு தானாக அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும். பிளேடு ஒரு பக்கம் வழுகாமல் ஓடுவதன் ரகசியம் அவ்வளவுதான். பழைய டயர் காய்ந்து கருங்கல்லாகி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். உளியால் எடுத்து, பழைய பசையை ஒரு துளி விடாமல் சுரண்டிவிட்டு, சக்கரச் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவான ரப்பர் வளையத்தைப் பசை தடவி இழுத்து மாட்டுங்கள். மாட்டிய பின் ஒரு வட்டக் கம்பியை ரப்பருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நுழைத்துச் சக்கரம் முழுக்க ஒரு சுற்று ஓட்டினால் இழுவை எல்லாப் பக்கமும் சமமாகும். பசை காய்ந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் இரு ஓரங்களையும் சீவி மேடு எடுக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். விளிம்பின் உட்புறத்தில் சிறிய குழி துளைத்துக் கனத்தைக் குறைக்கலாம். பிறகு நீளமான நேர்விளிம்புக் கட்டையை இரண்டு சக்கரத்தின் விளிம்பிலும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று உள்ளே போயிருந்தால் அதன் பின்னால் வாஷர் போட்டு ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மோட்டார் கணக்கு எளிது. மரத்துக்குப் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 3,000 அடி ஓடினால் நல்லது. 18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.7 அடி, ஆக நிமிடத்துக்கு 640 சுற்று வேண்டும். 1,440 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும் கீழ்ச் சக்கர ஷாப்டில் 9 அங்குலப் புல்லியும் போட்டால் சரியாக 640 வரும். மெஷினோடு வரும் மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஆறு முனைகள் வெளியே இருந்தால், அவற்றை டெல்டா இணைப்பாக மாற்றி, ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் வி.எஃப்.டி. கருவி மூலம் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்ட முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் தகட்டைக் காட்டிக் கேளுங்கள். முடியாது என்றால் ஒன்றரை அல்லது இரண்டு குதிரைத் திறனில் ஒற்றை ஃபேஸ் மோட்டார் போட்டுவிடலாம். கனமான சக்கரம் வேகம் பிடிக்கச் சில நொடிகள் எடுக்கும். ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் இல்லாமல் வெறும் சுவிட்சில் ஓட்டாதீர்கள்.

பிளேடின் நீளத்துக்கும் கேட்டிருந்தீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்றால், ஷாப்ட் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, அதோடு சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். மையத் தூரம் 36 அங்குலம் என்றால் 72ம் 56.5ம் சேர்த்து 128.5 அங்குலம். அளக்கும்போது மேல் சக்கரத்தை அதன் ஓட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேடை இறுக்கவும் மாட்டவும் மேலும் கீழும் இடம் வேண்டும்.

பிளேடின் இரு முனையையும் சேர்த்து வளையமாக ஒட்டுவதற்கு நான் நம்புவது, புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊர் மில்களில் காலம் கழித்த ஒரு மேஸ்திரியை. வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் கடைகள் உண்டு. இவர் பழைய முறைக்காரர். பிளேடின் இரு முனைகளையும் அரத்தால் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, நடுவில் மெல்லிய வெள்ளிப் பற்றாசுத் தகட்டை வைப்பார். பழுக்கக் காய்ச்சிய கனமான இடுக்கியால் அந்த இடத்தைக் கவ்வுவார். வெங்காரம் நுரைத்து, பிறகு கண்ணாடியாக உருகி, பற்றாசு ஓரத்தில் ஒரு பளிச்சென்ற கோடாக ஓடும். அந்தக் கணத்தில் செந்தணல் இடுக்கியை எடுத்துவிட்டு ஆறிய இடுக்கியால் பிடித்துக்கொள்வார். ஆறியதும் அரத்தால் சீவி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரு பக்கமும் வைத்து இழுத்துப் பார்ப்பார். ஒட்டு விரலில் தட்டுப்பட்டால் மறுபடியும் அரம்.

“பல்லைப் பார்க்காதீர்கள் சாரே, முதுகைப் பாருங்கள்” என்றார் ஒருநாள். ஒட்டிய இடத்தில் பிளேடின் முதுகு நேர்கோட்டில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு முன்னும் பின்னும் குதிக்கும். அறுத்த பலகையில் சீரான இடைவெளியில் கோடு விழும். மெஷினில் கோளாறு என்று நினைத்துச் சக்கரத்தை நோண்டிக்கொண்டிருப்பார்கள். கோளாறு ஒட்டில் இருக்கும். பிளேடு விலகாமல் பிடிக்கும் கைடைக் கடக்கும்போது ‘டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தாலும் ஒட்டைத்தான் முதலில் பாருங்கள்.

பிளேடு மாட்டும்போது மேசை மேல் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் மேல்நோக்கியே நிற்கிறது என்றால் பிளேடை உள்வெளியாகப் புரட்டிவிடுங்கள், அவ்வளவுதான். முதலில் பிளேடை இறுக்கிச் சக்கரத்தின் நடுவில் ஓடவிட்டு, அதன் பிறகே கைடுகளை நெருக்க வேண்டும். பக்கக் கைடு பல்லின் பள்ளத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். பல்லைத் தொட்டால் கூர் போய்விடும். பிளேடின் முதுகுப் பக்கம் இருக்கும் பேரிங், வெறுமனே ஓடும்போது பிளேடைத் தொடக்கூடாது, மரத்தைத் தள்ளும்போது மட்டும் தொட வேண்டும். வளைவுக்குக் கால் அங்குலப் பிளேடு. பலகை பிளக்க அங்குலத்துக்கு 3 பல் உள்ள அகலமான பிளேடு. பச்சைப் பலா அறுத்தால் பால் பிளேடிலும் டயரிலும் பசையாக ஏறும், அன்றே பிளேடை மண்ணெண்ணெய்த் துணியாலும் டயரை வெறும் துணியாலும் துடையுங்கள். இடித்த ஓட்டு வீட்டுத் தேக்கு, ஆஞ்சிலி உத்திரம் என்றால் காந்தத்தை ஓட்டி ஆணி தேடிய பிறகே மெஷினில் வையுங்கள். வேலை முடிந்ததும் பிளேடைத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் டயரில் தழும்பு விழும்.

பழைய மெஷின்கள் பலவற்றில் சக்கரத்துக்கு மூடியே இருக்காது. முதல் வேலையாக இரண்டு சக்கரத்துக்கும் பிளைவுட்டிலாவது மூடி போடுங்கள். பிளேடு அறுந்தால் அது உள்ளேயே சுருண்டு அடங்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அறுக்காதீர்கள்.

புதிய சிறிய மெஷின் யாருக்கு நல்லது என்றால், மாடி அறையில் வேலை செய்பவர்களுக்கும், பக்கத்தில் நல்ல லேத் பட்டறை இல்லாதவர்களுக்கும், அடுத்த மாதமே தொட்டில் செய்து முடிக்க வேண்டியவர்களுக்கும். பழைய மெஷின் பொறுமையைக் கேட்கும், இடத்தையும் கேட்கும். டெம்போவில் ஏற்றும்போது சக்கரங்களையும் மேசையையும் கழற்றிவிட்டுப் படுக்கவைத்துக் கட்டுங்கள். மேல் கனமான பொருள், ஒரு வளைவில் சாய்ந்தால் வார்ப்பு உடைந்துவிடும்.

சொந்த வீட்டு மேசை நாற்காலிக்கு அறுப்பது வேறு, அடுத்தவர் மரத்தைக் கூலிக்கு அறுப்பது வேறு. நீங்கள் கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மில் உரிமத்தில் கேரளத்து விதியும் நம் பக்கத்து விதியும் ஒன்றல்ல. மரத்தைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவருவதானால் அதற்கான சீட்டும் தனி. மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.