இதயத் தசை எப்படி உருவாகிறது? சேலம் வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்தில் முப்பது ஆண்டுகள் கருவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறேன். கருவில் இதயம் உருவாவதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். ஒரே இரவில் நாற்பது கேள்விகள் வந்துவிட்டன. நான் விலங்கியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். நெஞ்சு வலித்தால் எனக்கு எழுதாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

ஆத்தூர் வாசகி: ஐயா, ஆறாவது வார ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அம்மா, மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கரு உருவாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பின்னால். கரு உருவான 22ஆம் நாள் வாக்கில்தான் இதயம் முதன்முதலாகத் துடிக்கிறது. மருத்துவர் கணக்கில் அது ஆறாவது வாரத்தின் தொடக்கம். கருமுட்டை சில நாட்கள் தாமதித்து வெளிவந்திருந்தாலே துடிப்பு தெரியாமல் போகலாம். ஒரு வாரம் கழித்துப் பார்ப்பதுதான் சரி. அதுவரை யாருடைய ஊகத்தையும் காதில் வாங்காதீர்கள். ரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் மட்டும் அந்த ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

ஓமலூர், பிளஸ் டூ மாணவர்: இதயத் தசை எங்கிருந்து வருகிறது ஐயா?

தம்பி, இதற்காகத்தான் உட்கார்ந்தேன். கரு உருவானதிலிருந்து எண்ணினால், மூன்றாவது வாரத்தில் அது மூன்று அடுக்குள்ள மெல்லிய தகடு. நடு அடுக்கின் சில செல்கள் தலைப்பக்கமாக நகர்ந்து பிறை வடிவில் கூடுகின்றன. அந்த இடம், மூளை உருவாகப்போகும் இடத்துக்கும் முன்னால் இருக்கிறது. ஆம், நம் இதயம் முதலில் தலைக்கு மேலே இருந்தது! தலை மடிந்து வளரும்போதுதான் அது மார்புக்கு இறங்குகிறது. பிறையின் இரு கைகளும் நடுவில் இணைந்து ஒரு குழாயாகின்றன. அதன் சுவர்ச் செல்கள் தமக்குள் சுருங்கும் இழைகளைக் கட்டிக்கொண்டு துடிக்கத் தொடங்குகின்றன.

பிறகு இரண்டாவது கூட்டமாகச் செல்கள் வந்து குழாயின் இரு முனைகளிலும் சேர்கின்றன. குழாய் நீண்டு, வலப்பக்கமாக வளைகிறது. உன் வலது கீழறையின் பெரும்பகுதி இந்த இரண்டாம் கூட்டம் கட்டியது. உள்சுவரில் கடற்பஞ்சு போலத் தசை விரல்கள் முளைக்கின்றன. பின்னர் அவை இறுகிக் கெட்டியான சுவராகின்றன. எட்டாவது வார முடிவில் நான்கு அறைகளும் பிரிந்திருக்கும். இத்தனையும் நடக்கும்போது இதயம் ஒரு கணமும் ஓய்வதில்லை.

அன்னதானப்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: மூளை கட்டளையிடாமல் இதயம் எப்படித் துடிக்கும்? பிழையாகச் சொல்கிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, இறைச்சிக்கடைக்காரர்: வாத்தியார் ஐயா, வெட்டி எடுத்த இதயம் தட்டில் துடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் மறுபடியும்: அது வெறும் நரம்புத் துடிப்பு.

இதைத் தொடர்ந்து பதினோரு பேர் எழுதிவிட்டார்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரர் சொல்வதே சரி. வகுப்பில் ஆண்டுதோறும் மூன்று நாள் அடைகாத்த முட்டையை உடைத்து, கருவைச் சுற்றிக் கத்தரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் மிதக்க விடுவோம். கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று துள்ளிக்கொண்டிருக்கும். கிண்ணம் ஆற ஆறத் துள்ளல் மெதுவாகும். ஒரு சொட்டு இளஞ்சூட்டு நீர் விட்டால் மறுபடி வேகமெடுக்கும். கோழிக்கருவில் இத்துடிப்பு இரண்டாம் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நரம்பு இதயத்தை எட்டுவது அதற்குப் பிறகுதான். இதயச் செல்களைத் தனித்தனியே பிரித்துக் கண்ணாடித் தட்டில் போட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கும். இரண்டு தொட்டுக்கொண்டால் சிறிது நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். ஐயா, மூளை வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, அவ்வளவே. மாற்று இதயம் பொருத்தியவருக்கு நரம்புகள் அறுபட்ட நிலையிலும் அது துடிக்கிறதே!

குகை, நெசவாளர்: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகிறது. செத்த தசை திரும்ப வளராதா?

அண்ணா, வருத்தத்தோடு சொல்கிறேன், வளராது. இடது கீழறையில் 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பில் 100 கோடி வரை சாகலாம்; அங்கே தழும்புதான் உருவாகிறது. நம் உடலில் புதிய இதயத் தசைச் செல் பிறக்காமல் இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14ஐ வைத்து 2009இல் ஸ்வீடனில் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம், 75 வயதில் 0.45 சதவீதம். அது இந்த இழப்பை ஈடுகட்டாது.

வரிக்குதிரை மீனுக்கோ கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. 2002இல் கண்டறிந்தார்கள். நம் நாட்டு ஓடைகளில் வாழும் சிறு மீன்தான் அது. பிறந்து ஒரு நாளான எலிக்குஞ்சுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஏழாம் நாளில் போய்விடுகிறது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் சுருங்கும் இழைகளைக் கழற்ற வேண்டும். ஓடும் தறியை நிறுத்தாமல் கழற்றி இரண்டு தறியாக்க முடியுமா? கருவில் அந்த இழைகள் கொஞ்சம், ஆகவே முடிந்தது. பிறந்ததும் முதல் மூச்சோடு ஆக்சிஜன் கூடுகிறது, செல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, பிரிதல் பெரும்பாலும் நிற்கிறது. மீதமுள்ள தசையைக் காப்பதே இப்போதைய வேலை. அப்பா மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது.

அஸ்தம்பட்டி வாசகர்: ஸ்டெம் செல் ஊசி போட்டால் வளருமாமே?

வேண்டாம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். எலும்புமஜ்ஜைச் செல் இதயத் தசையாக மாறும் என்ற பேச்சு 2001இல் கிளம்பியது. அதை முன்வைத்த ஆய்வாளரின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியே அறிவித்தது. மீனிலும் புதிய தசையைத் தருவது ஏற்கெனவே இருக்கும் தசைச் செல்கள்தான். வளர்ந்தவரின் சாதாரணச் செல்லையே மூலச் செல்லாக மாற்றும் ஜப்பானிய அறிஞர் யமனகாவின் வழியில், ஆய்வகத்தில் தசைச் செல் வளர்த்து ஒட்டும் முயற்சிகள் உண்மையானவை. அவை பெரும்பாலும் ஆய்வு நிலையில் இருக்கின்றன.

மேட்டூர் வாசகர்: ஸ்டெம் செல்லுக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள், போகலாமா?

போகாதீர்கள். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

எடப்பாடி வாசகர்: ஸ்டெம் செல்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன் ஐயா. வீட்டை அடகு வைக்காதீர்கள்.

வாழப்பாடி வாசகி: மருதம்பட்டைக் கஷாயம்?

என் துறை அன்று. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

செம்மடுவு வாசகர்: பேத்திக்கு இதயத்தில் ஓட்டை. இரண்டு வயது.

ஐயா, அறைகளைப் பிரிக்கும் சுவர் முழுமையாக மூடாததுதான் அது. யாருடைய பாவமும் இல்லை, மருமகளைக் குறை சொல்ல விடாதீர்கள். சில ஓட்டைகள் தாமே மூடும், சிலவற்றை மூட வேண்டும். எது என்பதை எக்கோ பார்த்தவர்தான் சொல்ல முடியும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகள் பிரிவில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

அம்மாபேட்டை, ஒன்பதாம் வகுப்பு மாணவி: ஐயா, முட்டையில் துடிப்பதை நான் வீட்டில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம் கண்ணு. நாமக்கல் பண்ணை முட்டையில் நடக்காது, அங்கே சேவல் கிடையாது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழி அடைகாக்கும் முட்டையை நான்காம் நாள் இரவு எடுத்து, இருட்டறையில் மழுங்கிய முனைக்கு அடியில் செல்போன் விளக்கைப் பிடி. சிலந்தி போல ரத்தக்குழாய்கள் தெரியும், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கை ஆடாமல் பார்த்தால் துடிப்பும் தெரியும். இரண்டு நிமிடத்துக்குள் முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்துவிடு, சூடு ஆறிவிடும்.