வீடு மேலே நிற்கும்போதே அடிமண்ணைச் சோதிக்க முடியுமா?

கேள்வி: வேளச்சேரியில் 1990களில் அப்பா கட்டிய வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும். தெரு உயர்ந்துகொண்டே போய் வீடு இப்போது இரண்டடி பள்ளத்தில் இருக்கிறது. ஜாக்கி வைத்து நாலு அடி தூக்கி, அடியில் புது அஸ்திவாரம் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மண் பரிசோதனை பற்றிக் கேட்டால், "இத்தனை வருஷம் நின்ற வீட்டுக்கு என்ன டெஸ்ட்" என்கிறார். வீட்டை வைத்துக்கொண்டே சோதிக்க முடியுமா? அவசியமா?

பதில்: முடியும், அவசியமும்கூட. அதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். பணம் கைமாறிய பிறகு வருகிற மண் அறிக்கை, ஏற்கெனவே பேசி முடித்த வேலைக்குச் சாதகமாகத்தான் வரும்.

இத்தனை வருஷம் நின்றது பழைய பாரத்துக்கு. இப்போது ஏற்றப்போவது வேறு பாரம். வீட்டைத் தூக்கியதும் அறைகளுக்குள் நாலு அடி உயரத்துக்கு மண்ணையோ கட்டட இடிபாட்டையோ கொட்டி நிரப்புவார்கள். ஆயிரம் சதுர அடிக்கு அது நாலாயிரம் கன அடி, நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினால் கிட்டத்தட்ட 190 டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு டன். சாதாரணமாக இன்னொரு மாடி கட்டினால்கூட இவ்வளவு ஏறாது. மாடி கட்டுவதென்றால் கடைக்கால் தாங்குமா என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம், ஆனால் உள்ளே கொட்டுகிற மண்ணை யாருமே பாரமாக நினைப்பதில்லை.

உங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. மேலே எப்போதோ கொட்டி நிரவிய மண், அதற்குக் கீழே ஈரக் களி என்பது அங்கே பல மனைகளில் உள்ள நிலைமை. களிமண் பாரம் ஏறியவுடனே அமுங்காது. அதற்குள் இருக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வெளியேற, மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் அமுங்கும். தூக்கினவர் கணக்கை முடித்துக்கொண்டு போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், அப்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் பழைய கடைக்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிமூலையில் ஒன்று, நீளச்சுவர் ஓரத்தில் ஒன்று, மூன்றடிக்கு மூன்றடி குழி, கடைக்காலின் அடிமட்டம் வரை மட்டும். அது எவ்வளவு அகலம், செங்கல்லா கருங்கல்லா, கீழே கான்கிரீட் இருக்கிறதா, எந்த மண்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு அன்றைக்கே அடுக்கடுக்காக இடித்து மூடிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குழிதான். சுவர் நெடுக வாய்க்கால் மாதிரி தோண்ட யாரையும் விடாதீர்கள், பக்கத்தில் இருக்கிற மண்தான் கடைக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் போர். தண்ணீருக்குப் போடுகிற போர் இல்லை, மண் மாதிரி எடுக்கப் போடுவது. வீட்டுக்கு உள்ளே போட வேண்டியதில்லை, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, போர் போடுகிற முக்காலிச் சட்டம் நிற்க இடம் இருந்தால் போதும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். களியில் அந்த எண் நாலுக்குக் கீழே வந்தால் மண் மெத்து என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மெத்துக் களியில் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, மண்ணைக் கலைக்காமல் குழாயோடு எடுத்து, இவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பத்தடியோடு நிறுத்தவும் விடாதீர்கள். வீடு முழுக்கக் கொட்டிய மண்ணின் பாரம் ஆழமாக இறங்கும், ஆகவே களி முடிந்து கெட்டி மண் தட்டும் வரை போர் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு போரும் நன்றாக வந்து, ஒரே ஒரு மூலை மட்டும் ஏமாற்றலாம். பழைய கிணறு, பழைய செப்டிக் டேங்க், வீடு கட்டும்போது மேஸ்திரி மண் எடுத்து மூடிய பள்ளம், இவையெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. அப்பாவிடமோ எதிர்வீட்டுப் பெரியவரிடமோ கேளுங்கள், கிணறு எங்கே இருந்தது, பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பு கழிவறைத் தொட்டி எங்கே இருந்தது என்று. பிறகு கட்டிய சமையலறையோ குளியலறையோ அதன் மேலேயே நிற்கலாம். மற்ற சுவர்கள் அசையாமல் அந்த மூலை மட்டும் இறங்குவதுதான் மொத்த வீடும் சமமாக இறங்குவதைவிட மோசம். சந்தேகம் இருந்தால் அந்த மூலைக்குத் தனியாக ஒரு போர் போடுங்கள், செலவு பார்க்காதீர்கள்.

இனி ஆட்களைப் பற்றி. தூக்குகிறவரே "டெஸ்டும் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு மனையின் அறிக்கையில் முகவரியை மட்டும் மாற்றித் தருவது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். போர் போட்ட தேதி இல்லை, நிலத்தடி நீர் எத்தனை அடியில் என்று இல்லை, இரண்டு போரிலும் ஒரே எண்கள் என்றால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போடுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு நீங்களே பணம் கட்டுங்கள், போர் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். நடுவில் "எனக்குத் தெரிந்த இன்ஜினியர்" என்று ஒருவர் வருவார், அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள்.

இவ்வளவு அவஸ்தையும் எதற்கு? தெருவைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டதற்கு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதை ஒவ்வொரு தெருவிலும் ஒழுங்காகச் செய்திருந்தால் நீங்கள் ஜாக்கி ஆட்களிடம் போயிருக்கவே வேண்டாம். தெரு இன்னும் உயராது என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் தூக்க வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

களி மெத்து என்று அறிக்கை வந்தாலும் வழி இருக்கிறது. அறைக்குள் மண் நிரப்பாமல், அடியில் காலியாக விட்டு, பீம்களின் மேல் கான்கிரீட் தளமாகப் போடலாம், அந்த இரண்டு டன்னில் பெரும்பகுதி குறைந்துவிடும். அப்போதும் போதாது என்றால் பைல், அதாவது கெட்டி மண் வரை ஆழமாக இறக்கும் தூண், பற்றிப் பேசலாம், அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், தூக்குகிறவர் இல்லை. போரை வெயில் காலத்தில் போட்டாலும் தண்ணீர் தரைமட்டம் வரை நிற்பதாக வைத்தே கணக்குப் போடச் சொல்லுங்கள். இப்போதே இருக்கிற விரிசல்களின் குறுக்கே கொஞ்சம் சிமெண்ட் பூசித் தேதி எழுதி வையுங்கள். அது வெடித்தால் வீடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கலாம், அதைப் பொறியாளரிடம் காட்டாமல் ஜாக்கியை உள்ளே விடாதீர்கள்.