துபாஷி வீட்டுக்கு பிளெக்ஸ் கட்டலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். 1750 வாக்கில் புதுச்சேரி துபாஷி (பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்) ஒருவரின் வீட்டு வாசலில் நடக்கும் நகைச்சுவை நாடகம் போடப்போகிறோம். மேடை 24 அடி அகலம். ஒயிட் டவுன் தெருவை போட்டோ எடுத்து பிளெக்ஸில் அடித்துத் தருவதாக மேடை காண்ட்ராக்டர் சொல்கிறார். துணியில் வரைவதைவிட மலிவு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தத் தெருவில் இன்றுள்ள கட்டடங்கள் அன்று கிடையாது. 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்கள் அதற்குப் பிறகு எழும்பியவை. போதாததற்கு, போட்டோவில் மின்கம்பியும் ஏசி பெட்டியும் சேர்ந்தே வரும்.

துபாஷி என்றால் தமிழர் பகுதிதான். அக்காலத்தில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள்: கீழே மரத்தூண், மேலே ஐரோப்பியப் பாணித் தூண். அது போதும் உங்கள் படுதாவுக்கு. கூரைக்கு நாட்டு ஓடு வரையுங்கள். மங்களூர் ஓடு 1865-ல்தான் ஆலையில் வார்க்க ஆரம்பித்தார்கள்.

பிளெக்ஸின் பெரிய குற்றம் பளபளப்பு. விளக்கு பட்டதும் நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு மின்னும். பார்ப்பவர் கண் அங்கே போய்விடும், சிரிப்பு தவறிவிடும்.

காடா துணி வாங்கி நனைத்துச் சுருங்கவிட்டு, மூட்டுகள் கிடைமட்டமாக வரும்படி தையுங்கள். அப்போதுதான் சுருக்கமில்லாமல் தொங்கும். பளபளப்பில்லாத எமல்ஷனை நீர்த்து அடித்துக் காயவிட்டு, அதன்மேல் வரையுங்கள். தெரு தூரத்தில் குறுகிப் போவதுபோல் வேண்டாம். நடிகர் படுதாவை நெருங்கினால் வீட்டைவிடப் பெரியவராகிவிடுவார்.

திண்ணையை மட்டும் வரையாதீர்கள். பலகைப் பெட்டி அடித்து, மேலே சாக்குத் துணி ஒட்டி வண்ணம் பூசுங்கள். கடன்காரன் வந்து உட்கார, துபாஷி திடுக்கிட்டு எழுந்திருக்க நிஜத் திண்ணை வேண்டும். கதவும் அப்படியே. ஓடி ஒளிந்து தலை நீட்டுவதில்தானே பாதி நகைச்சுவை!

வாடகைப் படுதா தருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மொபைலில் ஒன்றைக் காட்டி, வண்டியில் வேறொன்றை இறக்குவார்கள். வீட்டு வாசல் காட்சிக்கு தர்பார் சீன் வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன், நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது. முன்பணம் கொடுக்கும் முன் முழுப் படுதாவையும் விரித்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. மார்கழியில் கடற்கரைப் பக்கம் திறந்தவெளியில் போடுவதென்றால் பனி இறங்கும், துணி ஈரத்தில் தொய்யும். பசையில் கலந்த தூள் வண்ணமாக இருந்தால் ஒழுகியே விடும். எமல்ஷன் தாங்கும். ஆனாலும் நாடகம் தொடங்கும்வரை தார்ப்பாய் போட்டு மூடுங்கள், முடிந்ததும் அங்கேயே சுருட்டாதீர்கள், வீட்டில் விரித்து ஒரு நாள் உலர்த்துங்கள். அப்போதும் பிளெக்ஸ் வேண்டாம். கடல்காற்றில் அது படபடவென்று அடிக்கும் சத்தத்தில் வசனம் கேட்காது.

மண்டபத்துக்கு மனு, கட்டணம், மூன்று மேசைக் கையெழுத்து என்று அலையவிட்டு, கடைசியில் சாவியை நாடகத்தன்று காலையில்தான் கையில் கொடுப்பார்கள். ஒத்திகைக்கு ஒரு நாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அதனால் மேலும் கீழும் மூங்கில் கோத்து, மடிக்காமல் சுருட்டியே கொண்டுபோங்கள். மேலே கட்ட ஆறு கயிறு போதும்.