மெல்பர்ன் வீட்டில் சாமிக்கு எந்த மூலை?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நாங்கள் இங்கே வந்திறங்கிய 2004 ஜூலை ஞாபகம் வந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து மெல்பர்ன் வந்து மூன்று வாரம் ஆகிறது, சவுத்பேங்கில் ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு, கதவைத் திறந்தாலே கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பூஜை அலமாரிக்கு எந்தத் திசை, சுவருக்கு எந்த நிறம், தஞ்சாவூர்ப் படத்தை எங்கே மாட்டுவது, அடுத்த மாதம் வரும் அம்மாவிடம் என்னென்ன கொண்டுவரச் சொல்வது. நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வாடகை வீட்டுச் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அம்மாவின் பெட்டி. அதற்குத்தான் தேதி நெருங்குகிறது. என் மாமியார் முதல் தடவை வந்தபோது, "சாமி சாமானை யார் என்ன சொல்லப் போகிறார்கள்" என்று ஒரு சூட்கேஸ் முழுக்கக் கட்டிக்கொண்டு வந்தார். நவதானியம், தர்ப்பைக் கட்டு, கிளம்பும் அன்று காலையில் பறித்த மாவிலை, முருகன் படத்துக்கு மயில் தோகை, ருத்திராட்ச மாலை. பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு விமானத்தில் கொடுக்கும் அட்டையைப் பக்கத்து சீட்டுக்காரர் நிரப்பித் தந்தாராம், எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று. நாங்கள் விமான நிலையத்தில் வெளியே இரண்டு மணி நேரம் நின்றோம். வயதைப் பார்த்து அதிகாரிகள் எச்சரிக்கையோடு விட்டார்கள். மாலையை மட்டும் சோதித்துத் திருப்பித் தந்தார்கள், மற்றதெல்லாம் குப்பைக்குப் போனது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

விதை, இலை, பூ, புல், மரம், இறகு, பால் பொருள் எதுவாக இருந்தாலும் அட்டையில் 'ஆம்' என்று எழுதச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. சொல்லாமல் மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் போகும், விசிட்டர் விசாவையே ரத்து செய்யவும் அவர்களால் முடியும். பித்தளைக்குப் பிரச்சினை இல்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய அரிசியும் இல்லாமல் துணியில் சுற்றி எடுத்து வரலாம். தஞ்சாவூர்ப் படம் பலகையில் செய்தது, சட்டமும் மரம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பூச்சித் துளை எதுவும் இருக்கிறதா என்று ஊரிலேயே பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நெருப்பு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்களும் 2006இல் சிட்டிக்குள் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கார்த்திகை வந்தது. இங்கே அது கோடையில் வரும், கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அதனால் இரவு எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம். இருட்டட்டும் என்று காத்திருந்து இருபத்தேழு அகல் ஏற்றினேன். அது போதாதென்று ஒரு தட்டில் சாம்பிராணி. கூரையில் இருந்த புகை அலாரக் கருவி கத்த ஆரம்பித்தது. பதறிப் போய், புகை வெளியே போகட்டும் என்று வாசல் கதவைத் திறந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பெரும்பாலான கட்டடங்களில் வீட்டுக்குள் இருக்கும் கருவி அந்த வீட்டுக்குள் மட்டும் கத்தும். வெளியே நடைபாதையில் இருக்கிறதே, அது நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்தது. பதினாலு மாடியும் பைஜாமாவோடு தெருவுக்கு இறங்கியது. இரண்டு தீயணைப்பு வண்டி. ஒரு சீனப் பாட்டி கையில் பூனையோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தார். நெற்றியில் குங்குமமும் பட்டுப் புடவையுமாக நான் ஒருத்திதான் இருந்தேன், காரணம் யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொய் அலாரத்துக்கு வந்த பில், அந்த மாத வாடகையில் பாதி.

அதனால் புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள், பால்கனிக் கதவைத் திறங்கள், வாசல் கதவை மட்டும் தொடாதீர்கள். கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கிற நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அது சாமர்த்தியம் இல்லை, மடத்தனம். சாம்பிராணியையும் கற்பூரத்தையும் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு விட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஒரு திரி போதும்.

அந்த ஒரு திரியையும் துணி அலமாரிக்குள் ஏற்றாதீர்கள். பூஜை அறை இல்லாத வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கிளேட்டனில் எங்கள் முதல் வீட்டில் நானும் போர்வை வைக்கிற அலமாரியில்தான் படங்களை அடுக்கினேன். ஒரு வாரத்தில் மேல்தட்டு கருகியது. தரையெல்லாம் கார்ப்பெட், அதில் குங்குமம் கொட்டி, நான் ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடி அளவு கறை முறம் அளவு ஆனது. ஒரு மாத வாடகையை பாண்ட் என்று முன்பணமாக வாங்கி வைத்திருப்பார்கள். காலி செய்த அன்று அதில் ஒரு பகுதி அந்தக் குங்குமத்துக்கே போனது. பன்னிங்ஸ் என்ற வீட்டு வேலைச் சாமான் கடையில் அறுபது சென்டிமீட்டர் சதுரத் தரை ஓடு ஒன்று வாங்குங்கள். அதன்மேல் எவர்சில்வர் தாம்பாளம், அதன்மேல் விளக்கு. மேலே ஒரு மீட்டருக்காவது ஒன்றும் இருக்கக் கூடாது, திரைச்சீலை பக்கத்திலேயே வரக் கூடாது.

படம் மாட்டுவது பற்றி. இங்கே உள்சுவர் நம் ஊர் மாதிரி செங்கல் இல்லை. பத்து மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை, உள்ளே வெற்றிடம், 45 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம். தட்டிப் பார்த்தால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும். அந்தச் சட்டத்தைக் கண்டுபிடிக்க ஸ்டட் ஃபைண்டர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறது. அதில்லாமல் என் கணவர் மாட்டிய கண்ணன் படம் ராத்திரி இரண்டு மணிக்கு, பலகையில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது. அந்தக் காலத்தில் ஆணிக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நம் விக்டோரியா மாநிலத்தில் 2021 மார்ச்சில் வாடகைச் சட்டம் மாறிய பிறகு, பூசாத செங்கலும் கான்கிரீட்டும் அல்லாத சுவரில் படக் கொக்கி மாட்டக் கேட்க வேண்டியதில்லை. காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

திசை. என் சிநேகிதி ஒருத்தி மேற்குப் புறநகரில் புது வீடு கட்டினாள். பூஜை அறைக்கு வீடியோ காலில் ஒரு வாஸ்துக்காரர் வடகிழக்கு என்றார். இன்னொருவர், பூமியின் தென்பாதிக்கு எல்லாம் தலைகீழ், இங்கே ஈசானம் தென்கிழக்கு என்றார். அலமாரி இரண்டு தடவை இடம் மாறியது, இரண்டு பேரும் பணம் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே எல்.இ.டி. கோபுரம், பேட்டரி விளக்கு. தீக்குச்சி இதுவரை உரசப்படவில்லை.

இந்த ஊரில் மதியச் சூரியன் வடக்கு வானத்தில் இருக்கும். அதை நிமிர்ந்து பார்த்தால் வலமிருந்து இடமாகப் போகும். குளிர்காலத்தில் வெயில் வருவது வடக்கு ஜன்னல் வழியாகத்தான், அதனால்தான் வடக்குப் பார்த்த வீடு என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுகிறார்கள். தென்றல் என்று பாட்டுப் படித்தோமே, அது இங்கே அண்டார்டிகா பக்கமிருந்து வந்து காதை அறுக்கும். வாடை ஜனவரியில் பாலைவனச் சூட்டை அள்ளிக்கொண்டு வரும். தெற்கும் வடக்கும் இப்படி இடம் மாறிக் கிடக்கிற ஊரில் சூரியன் உதிக்கும் பக்கம் மட்டும் மாறவில்லை. கிழக்கைப் பார்த்து விளக்கை வையுங்கள், வாஸ்துக் காசில் ஒரு நல்ல ஹீட்டர் வாங்குங்கள்.

துளசி வேண்டும் என்று மனைவி கேட்பார். வையுங்கள், வடக்கு ஜன்னலோரம் வீட்டுக்குள். ஜூலைக் குளிரில் பால்கனியில் விட்டால் போய்விடும். நான் ஏழு செடி கொன்றிருக்கிறேன். வாசல் கோலம் உங்கள் நடைபாதையில் முடியாது, அது பொது இடம், பாடி கார்ப்பரேட் என்கிற கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். கதவுக்கு உள்பக்கம் ஒரு மரப்பலகையில் போட்டு வைக்கலாம்.

ஒன்று மட்டும் என் எரிச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கழுத்தோடு வெட்டிய புத்தர் தலை விற்பார்கள், குளியலறையில் செடிக்குப் பக்கத்தில் வைக்க. தோட்டத்துக்குச் சிமென்டுப் பிள்ளையார், பார்பிக்யூ அடுப்புக்கு இந்தப் பக்கம். வெள்ளைக்காரர்களுக்கு அது அழகுப் பொருள், தெரியாமல் செய்கிறார்கள். சுவாமிமலையில் உளியும் மெழுகுமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்களும் அதையே வாங்கி டி.வி.க்குக் கீழே வைத்து, ஒரு வாசனை மெழுகுவத்தியும் கொளுத்தி, 'ஜென் கார்னர்' என்று படம் பிடித்து அனுப்பும்போதுதான் எனக்குத் தாங்குவதில்லை. நாச்சியார்கோயில் உங்களுக்குக் கூப்பிடு தூரம், அந்த வேலையைப் போய்ச் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் சாமிக்கு இடம் பார்த்தது நானில்லை, மாமியார்தான். அந்த சூட்கேஸ் சம்பவத்துக்கு மறுநாள், கார்த்திகைக் கதையும் கேட்டுவிட்டு, வீடு முழுக்க நடந்தார். ஹாலில் கருவி, படுக்கையறையில் கருவி. கடைசியில் சமையலறையில் அடுப்பு மேலே இருக்கிற புகை உறிஞ்சியைப் போடச் சொல்லி, அதன் ஓரமாக மேடையில் தரை ஓடு ஒன்றை வைத்து, அகலை ஏற்றினார். கருவி மூச்சுவிடவில்லை. "அக்கினி இருக்கிற இடம்தானே, அவருக்கு என்ன குறை" என்றார். மூன்று வீடு மாறிவிட்டோம், இப்போது சொந்த வீடு, பூஜை அறைக்கு இடமும் இருக்கிறது. அதில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. விளக்கு சமையலறையில்தான், அதே ஓட்டின்மேல்.

உங்கள் கட்டடத்தில் அந்த உறிஞ்சி காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல அபார்ட்மென்டில் வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். அப்புறம், அம்மாவை நல்லெண்ணெய் தூக்கிக்கொண்டு வர விடாதீர்கள். டாண்டினாங்கில் ஃபாஸ்டர் தெருவில் கிடைக்கும், திரியும் அங்கேயே.