துபாய்க்கு 2,930 கி.மீ.; டிக்கெட்டில் 4¼ மணி நேரம் ஏன்?

கேள்வி: தம்பி முதன்முறையாகத் துபாய் போகிறான். தூரம் 2,930 கி.மீ., விமான வேகம் 900 என்றால் மூன்றேகால் மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் காலை 9.40 புறப்பாடு, 12.25 வருகை என்று இருக்கிறது. எது சரி? திருவொற்றியூரிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? – வாசகர், திருவொற்றியூர்.

பதில்: முதலில் டிக்கெட். அதில் புறப்பாடு சென்னை நேரம், வருகை துபாய் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். 12.25 என்பது நம் கணக்கில் 1.55. ஆக, பயணம் 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது கணக்கும் தலைகீழ்: அங்கே 2.30க்கு ஏறி இங்கே இரவு 8 மணிக்கு இறங்கினால், ஐந்தரையில் ஒன்றரை போக 4 மணி நேரம்தான்.

நீங்கள் பார்த்த 2,930 கி.மீ., உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. மீனம்பாக்கத்தில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால், கடல் பக்கமாகத்தான் மேலேறும். அப்புறம் வளைந்து மேற்கே திரும்பும். அதன்பின் வான்வழித்தடங்களைப் பின்பற்ற வேண்டும். 900 என்ற வேகமும் கொஞ்சம் அதிகம். இந்தத் தடத்தில் ஓடும் சிறிய ஜெட் விமானங்கள் உயரத்தில் 830 வாக்கில்தான் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதுகூட இல்லை. எதிர்க்காற்று இருந்தால் இன்னும் குறையும். தவிர, டிக்கெட் நேரம் என்பது விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறைக்குக் காத்திருப்பதும் அதில் சேர்ந்தவை.

வீட்டில் குத்துமதிப்பாகப் போட ஒரு கணக்கு: தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். துபாய்க்கு 4 மணி 10 நிமிடம் வரும். டெல்லி 1,760 கி.மீ., சுமார் இரண்டே முக்கால். போர்ட் பிளேர் 1,370 கி.மீ., இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவு.

சரி, கிளம்பும் நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 6.40க்கு, அங்கே இருக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ இறங்கி மாறாமல் விமான நிலையம் வரை போகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வையுங்கள். காலை 5 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும், அதனால் ஐந்தேகாலுக்குள் ஏறிவிட்டால் போதும். கார் என்றால் எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளை நம்பி நேரம் சொல்ல முடியாது. நான் மெட்ரோவையே சொல்வேன்.

விடியற்காலை விமானமாக மாறினால் மட்டும் தேதியைக் கவனியுங்கள். செவ்வாய் 3.50 என்றால் திங்கள் இரவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் மெட்ரோவும் கிடையாது. திங்கள் இரவு 10 மணிக்குள் ரயில் ஏறி, அங்கேயே காத்திருக்கச் சொல்லுங்கள்.