பாறைச் சுரங்கத்தில் தண்ணீர் பாய்ந்தால் எதைக் கொண்டு அடைப்பது?

சுரங்க வேலைத்தளங்களில் துளை போடுவதையும் கிறவுட் அடிப்பதையும் பார்த்தே என் உத்தியோக காலம் போனது. கிறவுட் என்பது பாறை வெடிப்புகளை அடைக்க, துளை வழியே அழுத்தி உள்ளே ஏற்றுகிற, பிறகு இறுகுகிற கலவை. இப்போது கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். இந்த வேலைக்குப் போய் வருகிற, படிக்கிற நம்மட பகுதிப் பிள்ளைகள் கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒலுவில், பொறியியல் மாணவி: சேர், தண்ணீர் வருகிற பாறைக்கு ஆகத் திறமான கிறவுட் எது? சாதாரண சீமெந்தா, மைக்ரோ சீமெந்தா, இரசாயனமா?

மகள், வெடிப்பின் அகலம் தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. சாதாரண சீமெந்தின் பெரிய மணி ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் இருக்கும். மணியைப் போல மூன்று மடங்காவது அகலம் இருந்தால்தான் கலவை உள்ளே போகும். அதற்குக் குறைந்தால் மணிகள் வாசலிலேயே ஒன்றோடொன்று இறுகி வழியை மூடிவிடும். ஆகவே 0.3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெடிப்புக்குச் சாதாரண சீமெந்து, 0.1 வரைக்கும் மிக நுண்ணிய மணியாக அரைத்த மைக்ரோ சீமெந்து, அதற்கும் நுண்ணியதென்றால் கூழ்நிலைச் சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் தண்ணீரில் மிதக்கிற கரைசல்) போன்ற திரவங்கள்.

அகலத்தை அறிய எல்லோரும் லூஜியன் சோதனையைத்தான் நம்புகிறார்கள். சுவிற்சர்லாந்து நிலவியலாளர் மோரிஸ் லூஜியன் 1933இல் சொன்ன முறை அது. 10 பார் அழுத்தத்தில் ஒரு மீற்றர் துளை நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் குடித்தால் அது 1 லூஜியன். நல்ல சோதனைதான், ஆனால் அது அகலத்தைச் சொல்லாது. வெடிப்பு வழியே போகிற தண்ணீர் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடும். ஒரு மில்லிமீற்றர் வெடிப்பு ஒன்று கொண்டுபோகிற தண்ணீரை 0.1 மில்லிமீற்றர் வெடிப்புகள் ஆயிரம் சேர்ந்துதான் கொண்டுபோகும். இரண்டு துளையிலும் லூஜியன் எண் ஒன்றே வரலாம். முதலாவதற்கு மலிவான சீமெந்து போதும், இரண்டாவதில் அதே சீமெந்து ஒரு பக்கற் கூட உள்ளே போகாது. ஆகவே எண்ணோடு நிற்காமல் துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த கற்கோலைக் கையில் எடுத்து, வெடிப்புகளை ஒன்றொன்றாக எண்ணிப் பாருங்கள். உங்கள் வயதில் நான் அதைச் செய்யாமல் விட்டு ஒரு மாத வேலையை வீணாக்கியிருக்கிறேன்.

வாழைச்சேனை, கட்டாரில் வேலை செய்தவர்: அண்ணன், பொலியூரித்தேன் அடிச்சம், நுரைச்சு வந்து தண்ணி டக்கெண்டு நிண்டது. ரெண்டு கிழமையில அதுக்குப் பக்கத்தால பாயத் தொடங்கிட்டு. சாமான் பிழையா?

சாமானில் பிழை இல்லை தம்பி. பொலியூரித்தேன் முதலுதவி மாதிரி. தண்ணீர் பட்டதும் நுரைத்துப் பெருகும், ஓட்டத்தை நிறுத்தும். ஆனால் நுரைக்கு உரம் குறைவு. தண்ணீரை உறிஞ்சிப் பொங்குகிற வகை, காய்ந்தால் சுருங்கியும் போகும். நீங்கள் வாசலை மூடினீர்கள். பின்னால் நின்ற அழுத்தம் குறையவில்லை, அது அடுத்த வெடிப்பைத் தேடிப் போனது. நுரையை வைத்து ஓட்டத்தை அடக்கிய கையோடு, பின்னால் ஆழத்தில் துளை போட்டுச் சீமெந்து அடித்திருக்க வேண்டும்.

பாய்கிற தண்ணீருக்கு நேரே வெறும் சீமெந்தை அடிக்கவும் கூடாது. ஒரு தளத்தில் அப்படி அடித்தோம். அடித்தது முழுவதும் பால் போல வெள்ளையாக நிலத்தால் ஓடி வந்தது. இரவு முழுக்க வேலை, வடிகாலில் மட்டும்தான் சீமெந்து இறுகியது. பிறகு முறையை மாற்றினோம். வெடிப்பை உள்ளே போய் வெட்டுகிற மாதிரிச் சரிவாகத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வால்வு வைத்த குழாய் இறுக்கி, எல்லா வால்வையும் திறந்துவிட்டோம். தண்ணீர் குழாய்களால் வடிந்ததால் வெடிப்பின் வாயை விரைவில் இறுகுகிற சாந்தால் மூட முடிந்தது. கீழிருந்து மேலாகக் கிறவுட் அடித்தோம், மேல் குழாயில் தடித்த கலவை வந்த பிறகுதான் அந்த வால்வைப் பூட்டினோம். உள்ளே ஓட்டமில்லாமல் நின்ற தண்ணீரில் சீமெந்து இருந்து இறுகியது.

ஓட்டம் மிகப் பெரிதென்றால் சீமெந்தையும் சோடியம் சிலிக்கேற்றையும் வேறு வேறு குழாயில் கொண்டுபோய்த் துளை வாயில் சேர்ப்பார்கள், உடனே இறுகும். 1988இல் திறக்கப்பட்ட ஜப்பானின் செய்கான் சுரங்கம் 53.85 கிலோமீற்றர், அதில் 23.3 கிலோமீற்றர் கடலுக்கு அடியில். அங்கே கடலைத் தடுத்ததில் இந்தக் கூட்டுக் கலவைக்குப் பெரிய பங்கு உண்டு.

களுவாஞ்சிக்குடி, தொழில்நுட்ப உத்தியோகத்தர்: மேற்பார்வையாளர் தண்ணியாகக் கலக்கச் சொல்கிறார், அப்பதான் தூரம் போகுமாம். சரியா?

பழைய பழக்கம் அது. ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று, ஐந்து பங்கு தண்ணீர் என்று தொடங்குவார்கள். தூரம் போகும், உண்மை. ஆனால் நின்றதும் சீமெந்து அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும், அந்த இடம் வெடிப்பாகவே மிஞ்சும். எடைக்கு எடை ஒன்று அல்லது அதற்குக் குறைவான தண்ணீர் வைத்து, கலவை இலகுவாக ஓட இளக்கி (பிளாஸ்டிசைசர்) என்கிற இரசாயனத்தைச் சேருங்கள். ஒரு லீற்றர் கண்ணாடி உருளையில் கலவையை இரண்டு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மேலே தெளிகிற தண்ணீர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கலவையை அடிக்க விடாதீர்கள். மேற்பார்வையாளரோடு வாதாட வேண்டாம், உருளையை அவருக்குக் காட்டுங்கள்.

சாய்ந்தமருது, ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்: உமா ஓயா சுரங்கம் தோண்டக்குள்ள பண்டாரவளையில கிணறெல்லாம் வத்திச்சே, கிறவுட்டால அதைத் தடுத்திருக்கலாமா?

நானா, இது எனக்கும் மனதில் கிடக்கிற கேள்வி. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் பெருந்தண்ணீர் வந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பாறைக்குள் சுரங்கம் என்பது ஒரு பெரிய வடிகால். மலை நூற்றாண்டுகளாகச் சேர்த்த தண்ணீர் அதற்குள் இறங்கினால், மேலே நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்.

தடுக்கிற வழி தோண்டிய பிறகு அல்ல, தோண்ட முன்னர்தான். சுரங்க முகத்திலிருந்து முன்னோக்கி முதலில் ஆய்வுத் துளை போட வேண்டும். தண்ணீர் கண்டால் குடை விரித்தது போலச் சுற்றிவரப் பதினைந்து, இருபது மீற்றருக்கு மேல் நீளத்தில் துளைகள் போட்டுக் கிறவுட் அடித்து, பிறகு தோண்டி, கடைசி ஐந்து மீற்றரையாவது அடுத்த சுற்றோடு மேற்படிய விட வேண்டும். நோர்வேக்காரர் இதில் தேர்ந்தவர்கள். நகரத்துக்குக் கீழே நூறு மீற்றர் சுரங்கத்துக்கு நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேல் கசியக் கூடாது என்பது போல முன்கூட்டியே எல்லை போடுவார்கள். அதுவே ஒரு நாளைக்கு 14,400 லீற்றர். தோண்டிய பிறகு அடிக்கிற கிறவுட், சுரங்கத்தை நோக்கி ஓடுகிற தண்ணீரோடு திரும்பி வரப் பார்க்கும், செலவும் பல மடங்கு. எங்கள் மலைகளில் ஆய்வுத் துளையை விருப்பத் தேர்வாக விடவே கூடாது. கிணறு வற்றிய வீட்டுக்காரருக்கு எந்த நட்டஈடும் அந்தத் தண்ணீருக்கு ஈடாகாது.

இங்கினியாகலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சமனலவெவ நீர்த்தேக்கத்தில் கிறவுட் திரை (வரிசையாகத் துளை போட்டுக் கிறவுட் அடித்து அமைக்கும் தடுப்பு) போட்டும் ஒழுகியது ஏன்?

ஐயா, அங்கே வலக் கரையில் சுண்ணாம்புக் கல் உண்டு. தண்ணீர் அதைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கும். நம்மட பக்கத்துக் கருங்கல்லில் வெடிப்பு மட்டும்தான், அங்கே வெற்றிடங்கள். 1992இல் நீரை நிரப்பியபோது கரையைத் துளைத்து வெளியே பாய்ந்தது. பிற்பாடு குளத்துக்குள்ளே தண்ணீரின் மேலிருந்து மண்ணைக் கொட்டி, நுழைவாயில்களை மூடப் பார்த்தார்கள். ஒழுக்குக் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் கீழே கல்தோட்டை வயல்களுக்குப் பாய்கிறது.

அக்கரைப்பற்று, பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்: இந்த இரசாயனங்கள் குடிநீரில் கலக்காதா?

கலக்கும் தங்கச்சி, கலந்தும் இருக்கிறது. 1997இல் சுவீடனின் ஹாலண்ட்சோஸ் சுரங்கத்தில் அக்ரிலமைட் என்கிற நச்சு இரசாயனம் உள்ள கிறவுட் அடித்தார்கள். ஓடுகிற தண்ணீரில் அது இறுகி முடிய முன் கழுவுண்டு ஓடைக்குப் போனது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் விழுந்தன, தொழிலாளர்களுக்கு நரம்புப் பாதிப்பு. வேலை நின்றது. அந்தச் சுரங்கத்தில் இரயில் ஓடத் தொடங்கியது 2015இல்தான். இறுகினால் பாதிப்பில்லை என்று விற்பவர் சொல்வார். இறுகாமல் போகிற பங்கு எவ்வளவு, அது எங்கே போகும் என்று கேளுங்கள். மேலே கிணறு இருக்கிற இடத்தில் அக்ரிலமைட்டை வாசலுக்குள்ளேயே எடுக்க மாட்டேன். சீமெந்தும் குளிர்ந்த பச்சைத் தண்ணீர் அல்ல, தோலையும் கண்ணையும் அரிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் பம்புக்குக் கிட்ட விடாதீர்கள்.

வாகரை: கூழ்நிலைச் சிலிக்காவுக்கு உப்புப் போடுகிறார்களே, எதற்கு?

உப்புக் கரைசல்தான் அதை இறுக வைக்கிறது. உப்பின் அளவைக் கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை அமைக்கலாம். பாறைக்குள் உவர்நீர் இருந்தால் நினைத்ததை விடச் சீக்கிரம் இறுகும். ஆகவே அந்த இடத்துத் தண்ணீரிலேயே வாளியில் கலந்து பார்த்துவிட்டு அடியுங்கள்.

கரடியனாறு, விவசாயி: கல்லுடைச்சுக் கிணறு தோண்டுறம். ஒரு பக்கத்தால தண்ணி பாயுது, இன்னும் நாலு அடி போகோணும். சீமெந்து அடிச்சு அடைக்கலாமா?

அடைக்க வேண்டாம் அண்ணன், அந்த ஊற்றுக்காகத்தானே தோண்டுகிறீர்கள். பாய்கிற வாயில் ஒரு குழாயைச் செருகிச் சுற்றிவரக் களிமண் அப்பி, தண்ணீரை ஒரு மூலைக் குழிக்கு இறக்கி, அங்கேயிருந்து பம்பால் இறையுங்கள். மின்சாரப் பம்பு என்றால் ஆள் உள்ளே நிற்கும்போது ஓட விடாதீர்கள். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும். ஆடி, ஆவணியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும், மிச்ச நாலடியை அப்போது தோண்டலாம்.