ரோலர் கழுவும் நேரம்

வணக்கம் ஐயா,

கரூரில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு மினி ஆப்செட் அச்சு மெஷின், ஒரு கட்டிங் மெஷின், என்னோடு சேர்த்து நான்கு பேர். காலை எட்டரைக்குத் திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு. அப்படியும் ஒரு பில் புக்கைக்கூடச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன். செல்போனில் வேலைப் பட்டியல் போடும் செயலியும் வைத்துப் பார்த்தேன், பட்டியல்தான் நீண்டது. மதியச் சாப்பாடு பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. நீங்களும் அச்சகம் நடத்தியவர் என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

செ., கரூர்

அன்புள்ள செ.,

பதினோரு வருஷம் நடத்திவிட்டு மூடியவனிடம் கேட்கிறீர்கள். மூடியதற்குக் காரணம் வேறு, அதை விடுங்கள். முதல் ஏழெட்டு வருஷம் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

மெஷினில் கறுப்பு நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வந்து, “நூறு லெட்டர்பேடு, சிவப்புல, இப்பவே வேணும்” என்கிறார். நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். மையை வழித்து, ரோலரைக் கழுவி, பிளேட்டை மாற்றி, நிறம் சரியாக ஏறும்வரை தாளை வீணாக்க வேண்டும். அரை மணி போய்விடும். கறுப்புக்கு மேல் சிவப்பு என்றால் ஒரு கழுவல் போதாது, அழுக்குச் சிவப்பாக விழும். அதனால்தான் ஒரே நிற வேலைகளைச் சேர்த்துவைத்து ஓட்டுகிறோம், வெளிர் மை முதலில், கறுப்பு கடைசியில். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் நம் தலைக்குள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மை மாற்றுகிறோம். அச்சுக்கு முன் பிழை திருத்தப் புரூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேப்பர் கடையிலிருந்து போன். அதை வைத்தால் பைண்டிங் பையன் கோந்து தீர்ந்துவிட்டது என்கிறான். அவனை அனுப்பினால் வாட்ஸப்பில் பெண் வீட்டார்: “சித்தப்பா பேர் விட்டுப்போச்சு.”

ஒரு திங்கட்கிழமைக் கல்யாணம். “காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்” என்று இருக்க வேண்டும். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புரூப்பை ஓகே செய்தேன். “7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்” என்று 500 பத்திரிகை அச்சாகிவிட்டது. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம்! பெண்ணின் பாட்டிதான் கண்டுபிடித்தார். கடைக்கு வந்து அந்தம்மா கத்தவில்லை. பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குக் கத்தியிருக்கலாம். 500 பத்திரிகையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் கல்யாணப் பத்திரிகைப் புரூப் எல்லாம் மாலை நாலிலிருந்து ஆறு வரைக்கும் மட்டும் என்று வைத்தேன். அந்த நேரத்தில் போன் கம்ப்யூட்டர் பெண்ணிடம் இருக்கும். அப்புறம், ஒரு வீட்டுக்கு ஒரே ஆள்தான் திருத்தம் சொல்லலாம் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பெயரை எழுதிக்கொள்வேன். தாய்மாமா, சித்தப்பா, அத்தை எல்லோரும் அவரிடம் சண்டை போடட்டும். இரண்டாவது புரூப்பில் அவர் கையெழுத்து. அதற்கு மேல் திருத்தினால் பிளேட்டுக்குக் காசு. கோபித்துக்கொண்டு வேறு அச்சகம் போனவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பில் புக் தேதி தவறுவது பெரும்பாலும் தேதி சொல்லும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து “வியாழக்கிழமை” என்கிறோம். அச்சு ஒரு மணி நேரம்தான், ஆனால் காய வேண்டும், நம்பர் அடிக்க வேண்டும், தைக்க வேண்டும், வெட்ட வேண்டும். மெஷின் பக்கம் ஒரு கரும்பலகை மாட்டி, அதைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை வராது. அப்போது பழைய வாடிக்கையாளர்களுக்கு நீங்களே போன் போட்டு, எத்தனை புக் மிச்சம் என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாதாமாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன் என்று ஓடிக்கொண்டிருந்தால் ஆடிட்டரிடம் பேசுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்கள் அந்த இரண்டையும் காலாண்டுக்கு ஒருமுறை போடலாம். வருஷத்துக்கு 24 போடும் இடத்தில் எட்டு. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

நாலு மணிக்கு எழுவதை நிறுத்திவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் புரூப் பார்ப்பதைவிட ஆபத்தான வேலை நம் தொழிலில் கட்டிங் மெஷின் ஒன்றுதான். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். முக்கால் மணியில் எந்தக் கல்யாணமும் நிற்காது.

புரூப்பில் கையெழுத்து வாங்க நான் அடித்துவைத்திருந்த சீட்டு பரணில் ஒரு கட்டு இருக்கும். இந்த ஞாயிறு ஏறிப் பார்க்கிறேன், கிடைத்தால் கூரியரில் போடுகிறேன்.